சயாம் மரண ரயில் பாதையைப் பார்க்கப் போகும் ஒரு குடும்பத்துக்கு

நீங்கள் கேட்டிருப்பது இது: தாத்தாவின் அண்ணனை 1943இல் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போட சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள், ஆள் திரும்பி வரவில்லை. இப்போது நீங்களும் அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் பாங்காக் போகிறீர்கள். அதில் அந்தப் பாதை போகும் காஞ்சனாபுரி ஊருக்கு எத்தனை நாள் ஒதுக்குவது, எதையெல்லாம் பார்ப்பது, நினைவு நாள் நிகழ்ச்சி எதனுடனாவது சேர்த்துப் போகலாமா, பெரிய தாத்தாவின் பெயர் அங்கே எங்காவது பொறித்திருக்குமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கான பதில் தெரியாமல் போனால், அந்த இடுகாட்டின் வாசலில் நிற்கும்போது அம்மாவுக்குத்தான் கஷ்டம். பெயர் இருக்காது. காஞ்சனாபுரி ஊருக்கு நடுவிலேயே இருக்கும் போர் இடுகாட்டில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள் என்று வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு, பெயர், வயது, சில தகடுகளில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. தோட்டத்திலிருந்து போன தமிழர் ஒருவரின் பெயரை அங்கே தேடினால் கிடைக்காது. இது யாரோ மறந்துபோனதால் மட்டும் நடந்ததல்ல, அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே பார்க்கும் எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்கும்.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் பான் போங் பக்கத்தில் தொடங்கி, மூன்று பகோடா கணவாய் வழியாக பர்மாவின் தான்பியூசாயாட் வரை. 1942 நடுவில் வேலை தொடங்கியது, 1943 அக்டோபர் 17இல் இரண்டு முனைகளும் கொன்கொய்தாவில் சந்தித்தன. அவ்வளவு பெரிய மலைக்காட்டில் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கு ஒரே விளக்கம், ஆட்களின் உயிரைச் செலவுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதுதான். ஜப்பான் ராணுவம் கடல் வழியாக பர்மாவுக்குச் சரக்கு அனுப்பினால் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன, அதனால் தரை வழி வேண்டியிருந்தது. 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை அதில் இறக்கினார்கள், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அது போதாமல் மலாயா, பர்மா, ஜாவா என்று எங்கிருந்தெல்லாமோ ஆசியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் 2 லட்சம் பேர் இருக்கலாம், இறந்தவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மை தோட்டத் தமிழர்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கைதிகளின் சாவை ஏறக்குறைய கடைசி ஆள் வரை எண்ணிச் சொல்ல முடிகிறது, நம் ஆட்களின் கணக்கு என்று வரும்போது எல்லாமே 'இருக்கலாம்' ஆகிவிடுகிறது.

காரணம் எளிது. கைதி ஒரு ராணுவத்தின் ஆள். அவருக்கு எண் உண்டு, படைப்பிரிவு உண்டு, முகாமில் அவருடைய அதிகாரியும் மருத்துவரும் கூடவே இருந்தார்கள். யார் எந்தத் தேதியில் எந்த நோயில் இறந்தார், எங்கே புதைத்தோம் என்பதையெல்லாம் ஜப்பானியக் காவலாளிகளுக்குத் தெரியாமல் எழுதி, போத்தலில் போட்டுப் புதைத்துவைத்தவர்கள்கூட உண்டு. போர் முடிந்து சில வாரங்களிலேயே, 1945 செப்டம்பர் கடைசியில், ஒரு சிறு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய் 144 முகாம் இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. பிறகு அவற்றைக் காஞ்சனாபுரி, சுங்காய், தான்பியூசாயாட் ஆகிய மூன்று இடங்களில் சேர்த்து அடக்கம் செய்தார்கள். அமெரிக்கர்களின் உடல்களை அவர்கள் நாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு இதில் எதுவும் இல்லை. ரப்பருக்குச் சந்தை போய், தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல் இருந்த காலம் அது. மூன்று மாத வேலை, நாள் கூலி ஒரு வெள்ளி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உண்டு என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, அப்படியே லோரியில் ஏற்றிய கதை பல தோட்டங்களில் ஒன்றுபோலவே சொல்லப்படுகிறது. தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) செக்ரோலில், அதாவது ஆள் கணக்குப் பதிவேட்டில், பெயர் இருந்தது, அது தோட்டத்தோடு நின்றுவிட்டது. சரக்கு வண்டியில் நாள்கணக்கில் அடைத்து பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. போன இடத்தில் மருத்துவர் இல்லை, பேச்சு புரிந்த அதிகாரி இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். குழியில் தள்ளினார்கள், அல்லது எரித்தார்கள். எழுதிவைக்க ஆள் இல்லை. கைதிகள் தங்கள் நாட்குறிப்புகளில் 'தமிழ் முகாம்' என்று எழுதிய சில பக்கங்கள்தான் இன்றைக்கு நமக்கு இருக்கும் நேரடிச் சாட்சிகளில் முக்கியமானவை.

காலரா ரயில் வேலையையே நிறுத்திவிடும் என்று பயந்த பிறகுதான் ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1943 ஜூனில் 'கே' பிரிவு என்று 230 பேர், ஆகஸ்டில் 'எல்' பிரிவு என்று 115 பேர். லட்சக்கணக்கான ஆட்களுக்கு மொத்தம் 345 பேர், மருந்தும் இல்லாமல். இந்த இரண்டு பிரிவுகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தில் கேட்பதற்கு இவை உதவும்.

சரி, பயணத்துக்கு வருவோம். பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று வேன்காரர்கள் சொல்வார்கள். அந்தச் சுற்றில் குவாய் ஆற்றுப் பாலத்தில் அரை மணி நேரம், இடுகாட்டில் பத்து நிமிடம், நீர்வீழ்ச்சி ஒன்று, மிதக்கும் சந்தை ஒன்று. உங்கள் நோக்கத்துக்கு அது வேண்டாம். காஞ்சனாபுரியில் இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் ஊருக்குள், இரண்டாம் நாள் மலைப்பக்கம்.

முதல் நாள் காலையில் நேராக அருங்காட்சியகம். போர் இடுகாட்டை ஒட்டியே இருக்கிறது, 2003இல் திறந்தது, ரோட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் பல ஆண்டுகள் காட்டில் நடந்து பாதையின் தடத்தைத் தேடிச் சேர்த்தவற்றிலிருந்து உருவானது. முன்பு தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்ற பெயர், இப்போது மரண ரயில் அருங்காட்சியகம் என்கிறார்கள். வரைபடங்கள், முகாம்களின் மாதிரிகள், மண்ணிலிருந்து எடுத்த கரண்டிகளும் ஆணிகளும். யார் எங்கிருந்து வந்தார், எத்தனை பேர், எதனால் இறந்தார் என்பதை ஆசியத் தொழிலாளர்களையும் சேர்த்துச் சொல்வது இதன் சிறப்பு. ஊரில் வேறு அருங்காட்சியகங்களும் உண்டு. ஆற்றோரம் வாட் சாய் சும்போன் விகாரையில் 1977இல் அதன் தலைமைப் பிக்கு தொடங்கிய ஜீத் அருங்காட்சியகம் ஒரு மூங்கில் குடிசை, கைதிகள் தூங்கிய மாதிரியே கட்டியது. உள்ளே ஓவியங்களும் மங்கிய புகைப்படங்களும். பிள்ளைகளுக்கு அந்த மூங்கில் பரண் ஒன்றே நிறையச் சொல்லும், அரை மணி நேரம் போதும். பாலத்துக்குப் பக்கத்தில் தனியார் காட்சிக்கூடங்களும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தொழிலாளர்களின் எலும்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டும் இடத்துக்குத் தன் பெரியப்பாவைத் தேடி வரும் ஒரு அம்மாவை அழைத்துப் போக எனக்கு மனம் வராது.

அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு இடுகாட்டுக்குள் போங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் இடுகாடு என்றால் பிள்ளைகளுக்கு அது புல்வெளி மட்டும்தான். உள்ளே இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பலை இரண்டே குழிகளில் வைத்திருக்கிறார்கள், அவர்கள் பெயர்கள் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாம்பலாகிப் போனாலும் பெயர் மிஞ்சியிருக்கிறது என்றால் அது எழுதிவைத்ததால்தான். இன்னொன்று, பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்ப்பலகை. தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கமானவர்கள், அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாததால் பெயரை இங்கே வைத்தார்கள். பட்டியல் இருந்தால் உடல் வேறெங்கோ கிடந்தாலும் இடம் கிடைக்கும் என்பதற்கு அந்தப் பதினொரு பெயர்களே சான்று.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வாட் தவோர்ன் வராராம் என்ற விகாரை இருக்கிறது. வியட்நாமிய மரபைச் சேர்ந்த கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களைச் சேர்த்துவைத்த தூபி அங்கேதான் இருக்கிறது. இறந்த தமிழர்களுக்காக அண்மை ஆண்டுகளில் ஒரு நடுகல்லும் அங்கே வைத்திருக்கிறார்கள். தாய்லாந்திலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் நெடுங்காலம் கேட்டுக்கேட்டு வந்தது அது. உங்கள் அம்மா பூ வைக்க, விளக்கேற்ற ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தால் இதுதான் அந்த இடம். படையல் மாதிரி ஏதாவது செய்ய நினைத்தால் முன்கூட்டியே விகாரையில் கேட்டுக்கொள்ளுங்கள். கற்பூரம் ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

அப்புறம் ஒரு நினைவுச்சின்னம். சுற்றுலாப் பயணிகள் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை. பாலத்துக்குக் கீழ்ப்பக்கமாகக் கொஞ்ச தூரத்தில், மரங்களுக்கு நடுவே, சுற்றுச்சுவரோடு நிற்கிறது. 1944இல் ஜப்பானிய ராணுவமே கட்டியது, போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, பாதை முடிந்து சில மாதங்களில். வேலையில் இறந்தவர்களுக்காக என்று பல மொழிகளில் பலகை வைத்தார்கள், அதில் ஒன்று தமிழ். கொண்டுபோனவர்களே, கொன்றவர்களே, செத்தவர்கள் யார் என்று தெரிந்து அவர்கள் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெயித்து வந்த பிரிட்டிஷ்காரர்கள் கட்டிய எந்த இடுகாட்டிலும் அந்த வரிக்கு இடம் கிடைக்கவில்லை. இதைப் பார்த்து ஜப்பானியர்மேல் மனம் இளக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழ் ஆட்கள் அங்கே செத்தார்கள் என்பதற்கு அந்த ஊரில் முதன்முதலில் கல்லில் கிடைத்த ஒப்புதல் அது. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்றால் அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.

பாலத்தைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தணிந்திருக்கும், கூட்டமும் குறையும். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தால் பாலம் உலகப் பிரசித்தம், ஆனால் அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கல பக்கத்தில். இங்கே இருப்பது இரும்புப் பாலம், ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சட்டங்களால் 1943இல் முடித்தது. மேலே நடந்து போகும்போது ஒன்றைப் பாருங்கள்: வளைந்த சட்டங்கள் பழையவை, நடுவில் கோணமாக, நேர்கோட்டில் இருக்கும் இரண்டும் 1945 குண்டுவீச்சில் போனவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. ரயில் வரும்போது ஒதுங்கி நிற்க மேடைகள் இருக்கின்றன. சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், பலகைகளுக்கு இடையே சந்து உண்டு.

இரண்டாம் நாள் ஹெல்ஃபயர் பாஸ். ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், வேன் பேசிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம், 1998இல் திறந்தது, நுழைவு இலவசம், காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ஒலி வழிகாட்டியும் தருவார்கள். அதைக் கட்டாயம் வாங்குங்கள். பிழைத்து வந்த கைதிகளே பேசுகிறார்கள். மையத்திலிருந்து படி இறங்கிப் போனால் பாறையைக் கீறி எடுத்த பள்ளம். ஆழம் சில இடங்களில் 25 மீட்டர். 1943 ஏப்ரல் கடைசியில் தொடங்கிச் சில வாரங்களில் முடித்தார்கள். ஒருவன் உளியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ஆழத் துளை என்று கணக்கு. முடிந்ததும் வெடி வைப்பார்கள், உடைந்த கல்லைக் கையாலும் கூடையாலும் அள்ளுவார்கள். இரவில் மூங்கில் தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும் வைத்து வேலை வாங்கினார்கள், மேலிருந்து பார்த்தவர்களுக்கு நரகம் மாதிரி தெரிந்தது, பெயர் அப்படித்தான் வந்தது. அந்தப் பாறைச் சுவரைத் தடவிப் பாருங்கள். அரைவட்டமாக ஓடும் துளைத்தடங்கள் விரலுக்குத் தட்டுப்படும், ஓரிடத்தில் உடைந்துபோன துளைக்கம்பி இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. கைதிகளோடு ஆசியத் தொழிலாளர்களையும் இங்கே இறக்கினார்கள்.

அம்மாவின் முட்டி எப்படி என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இறங்குவது சுலபம், திரும்பி ஏற வேண்டிய படிகள் நிறைய. முடியாது என்றால் மேலே மையத்திலேயே உட்கார்ந்து குவாய் நோய் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம், அதுவும் குறைவில்லை. பள்ளத்தைத் தாண்டிப் பழைய தடத்திலேயே சில கிலோமீட்டர் நடக்கும் பாதை ஒன்று உண்டு. வெயிலில் பிள்ளைகளோடு வேண்டாம்.

திரும்பும்போது வேனை நாம் தோக் நிலையத்தில் விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். மரணப் பாதையில் இன்னமும் ரயில் ஓடுவது இந்தப் பகுதியில்தான், நாம் தோக்கோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே தண்டவாளத்தைப் போருக்குப் பின் பிடுங்கிவிட்டார்கள். இன்னும் மேலே பல முகாம்கள் இருந்த இடம் 1980களில் கட்டிய அணையின் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. காலரா மிக மோசமாக அடித்த நீக்கே பகுதியும் அதில் அடக்கம். நாம் தோக்கிலிருந்து காஞ்சனாபுரி வரும் வழியில் வாங் போ அருகே மரத்தூண்களின் மேல் பாறையை ஒட்டி ரயில் ஊர்ந்து வரும், கீழே ஆறு. திரும்பி வரும்போது வலது பக்கம் உட்கார்ந்தால் தெரியும், போகும்போது என்றால் இடது பக்கம். மூன்றாம் வகுப்பு, மரப்பலகை, ஜன்னல் திறந்தே இருக்கும். வெளிநாட்டவருக்கு எங்கே இறங்கினாலும் 100 பாட் என்ற கட்டணம்தான் நெடுநாளாக இருக்கிறது. நேரத்தை மட்டும் முந்தின நாள் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாளுக்கு ஒரு சில வண்டிகள்தான், பிற்பகல் வண்டியைத் தவறவிட்டால் சாலைதான் கதி. பாங்காக்கிலிருந்தே ரயிலில் வர ஆசை என்றால் அது தொன்புரி நிலையத்திலிருந்து புறப்படும், ஊரின் பெரிய நிலையத்திலிருந்து அல்ல. பலர் தவறான நிலையத்துக்குப் போய் அலைகிறார்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் சுங்காய் இடுகாடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம். கைதிகளின் பெரிய மருத்துவ முகாம் இருந்த இடம், 1,700க்கும் மேற்பட்ட கல்லறைகள், ஊர் இரைச்சல் இல்லாத இடம். பர்மா பக்கத்துத் தான்பியூசாயாட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், அந்த நாட்டு நிலைமை குடும்பத்தோடு போகிற மாதிரி இல்லை.

நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரியது ஏப்ரல் 25, ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் போரில் இறந்த தங்கள் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள். விடியுமுன் ஹெல்ஃபயர் பாஸ் பள்ளத்துக்குள் நினைவுக் கூட்டம், இருட்டில் விளக்கோடு இறங்கி நிற்பார்கள், எக்காளம் ஊதுவார்கள். காலையில் காஞ்சனாபுரி இடுகாட்டில் மலர்வளையம். யாரும் கலந்துகொள்ளலாம், ஆனால் முன்பதிவு கேட்பார்களா என்பதைப் பாங்காக்கில் உள்ள ஆஸ்திரேலியத் தூதரகத்தின் அறிவிப்பில் பாருங்கள். நன்றாக நடத்துகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நள்ளிரவு தாண்டி எழுந்து மலைக்குப் போய் இருட்டில் படி இறங்க வேண்டும், ஏப்ரலில் அங்கே வெயில் 40 பாகையைத் தொடும், அறைகளும் கிடைக்காது. உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். நவம்பர் 11 காலையில் போர் இடுகாட்டில் நடக்கும் நினைவு நாள் சிறியது, எளியது, பருவமும் இதமாக இருக்கும். அக்டோபர் 17 பாதை இணைந்த நாள், ஆனால் மழை முழுசாக விட்டிருக்காது.

நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை குவாய் பால விழா நடக்கும். பாலத்தில் ஒளி, ஒலி, குண்டுவீச்சை வாணவேடிக்கையாக நடித்துக் காட்டுவார்கள், சுற்றிலும் கடைகள், ராட்டினம். உள்ளூர்க்காரர்களுக்கு அது வருஷத் திருவிழா, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பெரியப்பாவை நினைத்துக்கொண்டு வரும் ஒருவருக்கு முன்னால் அவர் செத்த இடத்தைப் பட்டாசு வெளிச்சத்தில் காட்டுவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது: நவம்பர் 11ஐ ஒட்டிப் போய், விழாவுக்கு முன் திரும்பிவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியும் நல்ல மாதங்கள், நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால்.

கடைசியாக, பெரிய தாத்தாவைப் பற்றித் தேடுவது. பெயர் கல்லில் இல்லை என்பதால் காகிதத்திலும் இருக்காது என்று முடிவுகட்ட வேண்டாம். போர் முடிந்ததும் பிழைத்திருந்த மலாயாத் தொழிலாளர்களை 1945, 46இல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திருப்பி அனுப்பியது. அந்தக் காலத்து நிர்வாகக் கோப்புகளும் தொழிலாளர் துறைக் கோப்புகளும் கோலாலம்பூரில் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் தனியாள் பெயர் கிடைப்பது அரிது, ஆனால் எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பது சில இடங்களில் கிடைக்கும். அதற்குத் தோட்டத்தின் பெயர் வேண்டும், அந்தக் காலத்து ஆங்கிலப் பெயர். தமிழர்கள் தோட்டத்துக்கு வைத்துக் கூப்பிட்ட பெயர் வேறாக இருந்திருக்கும், அதையும் குறித்துவையுங்கள். அவர் எந்த மாதம் போனார், தனியாகவா கும்பலாகவா, கங்காணி யார், கூடப் போய்த் திரும்பியவர்கள் எவரேனும் உண்டா, எந்த முகாமின் பெயரையாவது சொன்னார்களா என்பதையெல்லாம் வீட்டிலும் உறவினரிடமும் இப்போதே கேளுங்கள். 'நீக்கே', 'தொன்சான்', 'கின்சாயோக்' மாதிரி ஒரு சொல் பாட்டிமார் வாயில் திரிந்து வந்திருந்தாலும் அப்படியே எழுதுங்கள். முகாம் பெயர் ஒன்று கிடைத்துவிட்டால், அருங்காட்சியகத்தில் அதை வரைபடத்தில் காட்டுவார்கள், 'கே', 'எல்' பிரிவு மருத்துவர்கள் அந்தப் பக்கம் இருந்தார்களா என்றும் கேட்கலாம். போவதற்குச் சில வாரங்கள் முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், திடீரென்று போய் நின்றால் விவரம் தெரிந்தவர் அன்றைக்கு இல்லாமல் போகலாம்.

ஒருவேளை அவர் ரயில் வேலைக்குப் போகாமல் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தார் என்று உறவில் யாராவது சொன்னால் வழியே வேறு. சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவகத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு, இந்தியப் படையினர் பெயர்கள் ஏராளம், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பெயர் போட்டாலே வரும். உங்கள் பேராக்கிலேயே தைப்பிங் போர் இடுகாடு இருக்கிறது, சாலையின் இரண்டு பக்கமும் கல்லறைகள். தாய்லாந்து போகும் முன் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய் வாருங்கள், 'யார் இவர்கள், ஏன் இங்கே' என்ற கேள்விகள் வீட்டிலேயே வந்துவிடும்.

அம்மாவுக்குத் தொப்பியும், ஏறி இறங்க ஒரு கைத்தடியும், எல்லாருக்கும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுகல்லுக்குப் போகும் நாளில் தோள் மறைக்கும் உடை, அது விகாரை.